எண்பதுகளின் கமர்கட்: அதே கெட்டிப் பதத்தில் வீட்டிலேயே செய்வது எப்படி?

எண்பதுகளில் தமிழ்நாட்டுப் பெட்டிக்கடைகளில் கண்ணாடி பாட்டில்கள் வரிசையாக நிற்கும். தேன் மிட்டாய், ஆரஞ்சு சுளை மிட்டாய், சூட மிட்டாய், சித்தூரிலிருந்து வந்த நியூட்ரின், பார்லேயின் பாப்பின்ஸ் என்று எத்தனை இருந்தாலும், கையில் ஒற்றைக் காசு மட்டும் இருக்கிற பிள்ளை கமர்கட்டைத்தான் கேட்கும். சதுரமான 5 பைசாவுக்கும், வளைவு வளைவான விளிம்பு வைத்த 10 பைசாவுக்கும் அவ்வளவு நேரம் வாயில் நிற்கிற மிட்டாய் வேறு கிடையாது. இடைவேளையில் வாயில் போட்டால், வகுப்பில் போய் உட்கார்ந்த பிறகும் ஒரு கன்னம் உப்பியே இருக்கும்.

பங்கு கேட்டு நண்பன் வந்து நின்றால் காக்காய்க் கடி. சட்டையின் கீழ்முனையில் மிட்டாயை வைத்துச் சுற்றி, துணியோடு சேர்த்துக் கடைவாய்ப் பல்லில் வைத்து ஒரே கடி. எச்சில் படாமல் பாதி அவனுக்கு, பாதி நமக்கு. தேன் மிட்டாய் இதற்கெல்லாம் தாங்காது, நசுங்கிவிடும். கமர்கட் 'டக்' என்று உடையும். சட்டையில் பழுப்பாக ஒரு வட்டம் மட்டும் மிஞ்சும்.

25 பைசாவும் அதற்குக் கீழே இருந்த காசுகளும் 2011 ஜூன் 30-ஆம் தேதியோடு செல்லாமல் போய்விட்டன. ஆனால் கமர்கட்டை அன்றைய ருசியிலேயே நம் அடுப்பில் செய்துவிடலாம். வெல்லம், தேங்காய் இரண்டும் இருந்தால் போதும். ஒன்று மட்டும் முக்கியம்: பாகு கெட்டிப் பதத்துக்கு வர வேண்டும். வீட்டில் செய்கிற பலர் பாதியிலேயே இறக்கிவிடுகிறார்கள். அப்போது கிடைப்பது தேங்காய் உருண்டை. அதுவும் ருசிதான், ஆனால் கமர்கட் ஆகாது.

தேவையானவை

பொடித்த பாகு வெல்லம் 1 கப், துருவிய தேங்காய் 1 கப், தண்ணீர் கால் கப், நெய் 2 டீஸ்பூன். ஏலக்காய் உங்கள் இஷ்டம். நான் போடுவதில்லை, வெல்லமும் தேங்காயும் சேர்ந்து வறுபடுகிற வாசனையை அது அமுக்கிவிடுகிறது.

வெல்லத்தைப் பார்த்து வாங்குங்கள். கருத்த நிறத்தில் இருக்கிற பாகு வெல்லமே நல்லது. பளிச்சென்று மஞ்சளாக இருப்பது பெரும்பாலும் ரசாயனம் போட்டு வெளுத்தது. அதில் செய்தால் அந்த அடர்ந்த பழுப்பு நிறம் வராது.

படி 1: தேங்காய்

வெள்ளைப் பகுதியை மட்டும் பொடியாகத் துருவுங்கள். வெறும் வாணலியில், சின்னத் தீயில், ஈரம் போகிற வரை மூன்று நான்கு நிமிடம் வறுத்துத் தனியே வையுங்கள். சிவக்க வேண்டாம். ஈரம் போனால் மிட்டாய் சீக்கிரம் கெடாது.

படி 2: வெல்லம்

தண்ணீரும் வெல்லமும் சேர்த்துச் சூடாக்கி, கரைந்ததும் இறக்கி வடிகட்டுங்கள். வெல்லத்தில் மண்ணும் பொடிக்கல்லும் இருக்கும். இந்த மிட்டாயைக் கடிக்கிறவருக்கு ஒரு சின்னக் கல் போதும், பல் போய்விடும்.

படி 3: பாகு

வடிகட்டியதை அடிகனமான வாணலியில் ஊற்றி மிதமான தீயில் வையுங்கள். இனி அடுப்பை விட்டு நகரக் கூடாது. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் குளிர்ந்த தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பெரிய பெரிய நுரையாகப் பொங்கும். தண்ணீர் வற்ற வற்ற நுரை சின்னதாகி, பாகு கனத்து மெதுவாகக் கொதிக்கும். அப்போது ஒரு சொட்டை எடுத்துத் தண்ணீரில் விடுங்கள். கரைந்து ஓடினால் இன்னும் நேரம் இருக்கிறது. விரலால் கூட்டினால் ஒன்றுசேர்ந்து மெத்தென்று உருண்டால் பாதி தூரம் வந்தாயிற்று. தேங்காய் உருண்டைக்கு இது போதும்; நமக்குப் போதாது. இன்னும் கொஞ்சம் விடுங்கள். அடுத்த சொட்டு தண்ணீரில் விழுந்ததும் இறுகி, எடுத்து உருட்டித் தட்டில் போட்டால் 'டிங்' என்று சத்தம் கேட்க வேண்டும். அதுதான் பதம்.

சமையல் தெர்மாமீட்டர் வைத்திருப்பவர்கள் 125 முதல் 130 டிகிரி செல்சியஸைக் கணக்கில் வைக்கலாம். ஆனால் தட்டில் கேட்கிற சத்தத்தையே நம்புங்கள். சூடு ஏற ஏறப் பாகில் மிஞ்சியிருக்கும் தண்ணீர் குறைகிறது. தண்ணீர் குறையக் குறைய ஆறின பிறகு மிட்டாய் கெட்டியாகிறது. விஷயம் இவ்வளவுதான்.

வெல்லப் பாகு சீனிப் பாகைவிடச் சீக்கிரம் தீயும். கருகல் வாடை வந்துவிட்டால் கசப்பை எடுக்க வழியே இல்லை. அதனால் கடைசிக் கட்டத்தில் தீயைக் குறைத்துவிடுங்கள்.

படி 4: தேங்காயைச் சேர்ப்பது

பதம் வந்ததும் தேங்காயைக் கொட்டிக் கிளறுங்கள். தேங்காயில் மிச்சமிருக்கும் ஈரத்தால் பாகு கொஞ்சம் இளகும், பயப்பட வேண்டாம். ஒரு டீஸ்பூன் நெய் விட்டு, கலவை வாணலியில் ஒட்டாமல் சுருண்டு வருகிற வரை கிளறுங்கள். அப்புறம் மறுபடியும் தண்ணீர்ச் சோதனை. மறுபடியும் அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் அடுப்பை அணைக்க வேண்டும். முதல்முறை செய்கிறவர்கள் இந்த இரண்டாவது சோதனையை விட்டுவிடக் கூடாது.

படி 5: உருட்டுவது

நெய் தடவிய தட்டில் கொட்டி ஓரிரு நிமிடம் விடுங்கள். இது கொதிக்கிற தண்ணீரைவிடச் சூடு அதிகம், தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும். குழந்தைகளை அடுப்படிக்கு வரவிடாதீர்கள். உருண்டைகள் ஆறின பிறகு எண்ணி அடுக்குகிற வேலையை அவர்களுக்குக் கொடுக்கலாம்.

கை பொறுக்கிற சூடு வந்ததும் கையில் நெய் தடவிக்கொண்டு, கோலிக்குண்டு அளவில் கிள்ளிக் கிள்ளி உருட்டுங்கள். ஆறிவிட்டால் உருட்ட வராது. அதனால் இரண்டு பேர் உட்கார்ந்தால் நல்லது, ஒருவர் கிள்ள ஒருவர் உருட்ட. நடுவில் இறுகிப்போனால் வாணலியில் போட்டுச் சின்னத் தீயில் காட்டுங்கள், இளகிவிடும்.

ஆறின பிறகும் மெத்தென்று இருந்தால் பாகு பதம் போதவில்லை. எல்லாவற்றையும் திரும்ப வாணலியில் போட்டு, ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டு இளக்கி, சத்தம் கேட்கிற வரை கிளறி மறுபடி உருட்டலாம்.

எடுத்துவைப்பது

நன்றாக ஆறியதும் ஈரமில்லாத கண்ணாடி பாட்டிலில் போட்டு இறுக்கி மூடுங்கள். வெல்லம் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்தில் திறந்து வைத்தால் சாயங்காலத்துக்குள் பிசுபிசுத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இரண்டு வாரத்துக்குள் தின்று தீர்ப்பது நல்லது, அதற்கு மேல் தேங்காயில் சிக்கு வாடை வரலாம்.

பல் கட்டிய தாத்தா பாட்டி வீட்டில் இருந்தால், மூன்றாவது படியில் மெத்தென்று உருள்கிற பதம் வந்ததும் கொஞ்சம் பாகைத் தனியே எடுத்து, அதில் கொஞ்சம் தேங்காயைச் சேர்த்துக் கிளறி அவர்களுக்கென்று நாலு உருண்டை பிடித்து வையுங்கள். கமர்கட்டைப் பற்றி நம்மைவிட அவர்களிடம்தான் கதை அதிகம்.