பம்ப் செட் பட்டறைல கம்ப்யூட்டர வெச்சு புது மாடல் கொண்டு வர்றது எப்படி

கோயமுத்தூர் பக்கம் மோனோபிளாக் பம்ப், மோட்டார் செய்யற சின்ன யூனிட்காரங்களுக்காக இத எழுதறேன், 10 பேர்ல இருந்து 40 பேர் வரைக்கும் வேலை செய்யற எடம்னு வெச்சுக்கங்க. செமினார்ல எல்லாம் ஐடி வந்தா இன்னோவேஷன் தானா வந்துரும்ங்கற மாதிரி பேசறாங்க, பட்டறைக்கு திரும்பி வந்து பாத்தா கம்ப்யூட்டர்ல ஓடறது டேலி மட்டும்தான். பில்லு, ஜிஎஸ்டி எல்லாம் அதுல கரெக்டா ஓடுது, அத தொட வேண்டாம். நான் சொல்ல வர்றது வேற. ஒரு புது இம்பெல்லர் (பம்புக்குள்ள சுத்தி தண்ணிய தள்ற சக்கரம்) செஞ்சு பாக்க எவ்வளவு செலவாகுது, எத்தன நாள் ஆகுது, செஞ்சது நல்லாருக்கா இல்லையான்னு எப்படி தெரியுது, இந்த மூணுலயும் கம்ப்யூட்டர் நெறைய உதவும். செஞ்சு பாக்கற செலவு கொறைஞ்சா நீங்களே அடிக்கடி புதுசா செஞ்சு பாப்பீங்க, அவ்வளவுதான் விஷயம்.

மொதல்ல ஈஆர்பி, அதாவது ஸ்டாக், வேலை, கணக்கு எல்லாத்தையும் ஒன்னா பாக்கற பெரிய சாஃப்ட்வேர், வாங்காதீங்க. நாங்க வாங்கினோம். மெட்டீரியல் வந்தா என்ட்ரி, லேத்துக்கு போனா என்ட்ரி, ரிஜெக்ட் ஆனா என்ட்ரின்னு 40 ஸ்கிரீன், ரெண்டே வாரத்துல சூப்பர்வைசர் அண்ணன் சனிக்கிழம சாயங்காலம் உக்காந்து மொத்த வாரத்துக்கும் குத்துமதிப்பா போட ஆரம்பிச்சிட்டார், அவர குத்தம் சொல்ல முடியாது, கையெல்லாம் ஆயிலோட யார் டைப் பண்ணுவா? அந்த டேட்டாவ பாத்து ஒரு முடிவும் எடுக்க முடியல.

அதுக்கு பதிலா மெஷின் தானா சொல்ற கணக்குல இருந்து ஆரம்பிங்க. ஈஎஸ்பி32-ன்னு ஒரு சின்ன போர்டு, வைஃபை அதுலயே இருக்கு, சில நூறு ரூபாதான். கூட ஒரு சி.டி கிளாம்ப், அதாவது ஒயர் மேல கவ்வி கரண்ட் எவ்வளவு போகுதுன்னு பாக்கறது. சி.என்.சி-யோட (கம்ப்யூட்டர் புரோகிராம்ல வெட்டற மெஷின்) ஸ்பிண்டில சுத்தற மோட்டாருக்கு போற ஒயர்ல மாட்டினா வெட்டும்போது கரண்ட் ஏறும், சும்மா நிக்கும்போது எறங்கும், நிமிஷத்துக்கு ஒரு ரீடிங்க கூகுள் ஷீட்டுக்கு அனுப்பினா போதும், மெஷின் எப்ப ஓடுச்சு எப்ப நின்னுச்சுன்னு தெரிஞ்சுரும். பேனல எலக்ட்ரீஷியன்தான் தொறக்கணும், நீங்க கை வெக்காதீங்க. இங்க நான் பண்ண கூத்து ஒன்னு, மூணு ஃபேஸும் சேந்து வர்ற கேபிள் மேல மொத்தமா கிளாம்ப மாட்டிட்டு ஏன் சைபர்னு காட்டுதுன்னு அரை நாள் மண்டைய ஒடச்சேன். மூணு ஃபேஸ் கரண்டும் ஒன்ன ஒன்னு அடிச்சிக்கும், அதனால ஒரே ஒரு ஃபேஸ் ஒயர்லதான் மாட்டணும். போர்ட பேனலுக்குள்ள வெச்சு கதவ மூடினா தகரத்த தாண்டி வைஃபை வராது, வெளிய ஒரு பிளாஸ்டிக் டப்பால வைங்க.

எதனால நின்னுச்சுங்கறத மெஷின் சொல்லாது, அத ஆபரேட்டர்தான் சொல்லணும். அஞ்சு பட்டன் வைங்க: டூல் மாத்தறேன், செட்டிங், மெட்டீரியல் இல்ல, க்யூசிக்கு (தரம் பாக்கறவங்க) வெயிட்டிங், கரண்ட் இல்ல. அதுக்கு மேல ஒரு பட்டன் கூட வேண்டாம். இத மாட்டற அன்னிக்கே எல்லாரையும் கூப்ட்டு, இது உங்க சம்பளத்துக்கோ போனசுக்கோ கணக்கு இல்லீங்கன்னு சொல்லிருங்க, சொன்னபடியே நடந்துக்குங்க. ஒரு தடவ இத வெச்சு ஒருத்தர திட்டிட்டீங்கன்னா அதுக்கப்புறம் எல்லா நிறுத்தமும் "கரண்ட் இல்ல"ன்னுதான் வரும். எங்ககிட்ட ஒரு மாசம் ஓட்டிப் பாத்ததுல ஆளுங்க மெதுவா வேலை செய்யறாங்கன்னு நெனச்சது தப்புன்னு தெரிஞ்சுது, மொத பீஸ க்யூசி பாத்து ஓகே சொல்றதுக்குத்தான் மெஷின் காத்துட்டு நின்னிருக்கு. அளவு பாக்கற காஜ் செட் ஒன்ன மெஷின் பக்கத்துலயே வெச்சோம், அந்த மெஷின்ல கெடச்ச நேரம்தான் பின்னாடி சாம்பிள் ஓட்டறதுக்கு ஆச்சு.

டிராயிங் விஷயம் சுருக்கமா. "ஃபைனல்", "ஃபைனல் புதுசு", "ஃபைனல் கரெக்ட்"ன்னு ஃபைல் வெக்கறத இன்னிக்கே நிறுத்துங்க. டிராயிங் நம்பர், அது பின்னாடி ஆர்0, ஆர்1, ஆர்2. ஒரே ஆள்தான் பிரிண்ட் எடுத்து கீழ குடுக்கணும், பழைய தாள வாங்கி கிழிச்சதுக்கு அப்புறம்தான் புதுசு. வாட்ஸ்அப்ல வந்த டிராயிங்க பாத்து யாரும் வெட்டக் கூடாது. பேக்கப் ஒன்ன தனி ஹார்ட் டிஸ்க்ல எடுத்து கழட்டி வீட்ல வைங்க.

இப்ப டெஸ்ட் பெட், செஞ்ச பம்ப ஓட்டி பாக்கற எடம். நெறைய எடத்துல இன்னும் காஜ பாத்து நோட்ல எழுதறதுதான், அதுவும் நூறுல நாலஞ்சு பம்ப மட்டும். ஃப்ளோ மீட்டர், பிரஷர் டிரான்ஸ்மிட்டர், எனர்ஜி மீட்டர் மூணையும் மோட்பஸ்ல (மீட்டருங்க கம்ப்யூட்டரோட பேசற ஒரு முறை) ஒரு கம்ப்யூட்டருக்கு இழுத்துட்டா ஒவ்வொரு பம்போட ரீடிங்கும் சீரியல் நம்பரோட தானா ஏறிரும். கணக்கு ஒன்னும் பெருசில்ல, செகண்டுக்கு எத்தன லிட்டர், எத்தன மீட்டர் ஹெட் (தண்ணிய தூக்கற ஒசரம்), ரெண்டையும் பெருக்கி 9.81-ஆல பெருக்குங்க, தண்ணிக்கு போன வாட்ஸ் வந்துரும். 2 லிட்டர், 20 மீட்டர்னா 392 வாட்ஸ். அப்ப எனர்ஜி மீட்டர் 1000 வாட்ஸ் காட்டுச்சுன்னா மொத்த எஃபிஷியன்சி 39 சதவீதம். ஐ.எஸ். 9079 (மோனோபிளாக் பம்புக்கான இந்திய தரம்) சர்டிஃபிகேட்டுக்கோ, கரண்ட் சிக்கனத்துக்கு குடுக்கற பி.இ.இ ஸ்டார் லேபிளுக்கோ போறவங்களுக்கு இந்த நம்பர்தான் முக்கியம், வெளிய லேப்ல குடுத்து ஃபெயில் ஆகி திரும்பறதுக்கு முன்னாடி நம்ம ஷெட்லயே தெரிஞ்சுக்கலாம்.

எல்லா பம்போட நம்பரும் ஒரே ஷீட்ல வந்ததும் ஃபவுண்ட்ரி பேட்ச் வாரியா பிரிச்சு பாருங்க. எங்களுக்கு ஒரே மாடல்ல ஒரு பேட்ச்ல மட்டும் எஃபிஷியன்சி எறங்கி நின்னுச்சு, இம்பெல்லர அறுத்து பாத்தா வேன், அதாவது அதுல இருக்கற எறக்க, தடிச்சிருந்துச்சு. அப்ப வந்த கேள்விதான், தடிச்சா எறங்குதுன்னா இன்னும் மெல்லிசாக்கினா ஏறுமா?

இதுக்கு மரத்துல பேட்டர்ன் (மணல்ல அச்சு எடுக்கற மாதிரி உரு) செய்ய ஆச்சாரிகிட்ட குடுத்து வாரக்கணக்குல காத்திருக்க வேண்டாம். ஃப்ரீகேட்ங்கற இலவச சாஃப்ட்வேர்ல டிராயிங் போட்டு 3டி பிரிண்டர்ல அடிச்சுருங்க, சின்ன சைஸ்னா ஒரு நாள்ல வந்துரும். காஸ்ட் அயர்ன் ஆறும்போது கிட்டத்தட்ட 1 சதவீதம் சுருங்கும், அதனால 130 மில்லிமீட்டர் வேணும்னா பேட்டர்ன் 131.3 இருக்கணும், மெஷினிங்குக்கு விடறது தனி. பிரிண்ட்ல வரி வரியா கோடு தெரியும், அதுல மணல் ஒட்டி அச்சு பிஞ்சுரும், அதனால பட்டி போட்டு தேச்சு பிரைமர் அடிச்சுதான் ஃபவுண்ட்ரிக்கு அனுப்பணும், இத மறந்தா மோல்டிங்காரர் உங்கள திட்டுவார், திட்டறதும் நியாயம்தான்.

அஞ்சு பீஸ் மட்டும் ஊத்த சொல்லுங்க. வந்ததும் அதே டெஸ்ட் பெட், அதே மோட்டார், அதே ஹெட்ல வெச்சு பழசோட ஒப்பிடுங்க, மோட்டார மாத்திட்டு இம்பெல்லர பாராட்டக் கூடாது. நல்லா ஏறுச்சுன்னா அலுமினியத்துல பேட்டர்ன் செய்ய ஆர்டர் குடுங்க. எங்க மொத ட்ரையல் ஏறல, வேன் ரொம்ப மெல்லிசாகி ரெண்டு பீஸ்ல இரும்பு முழுசா ஓடவே இல்ல. அந்த பேட்டர்ன் மேலயே மார்க்கர்ல ஆர்1-னு போட்டு வேன் தடிமனையும் எஃபிஷியன்சியையும் எழுதி அலமாரில வெச்சிருக்கோம், ஆர்2 வரைய உக்காந்தப்ப மொதல்ல கைல எடுத்தது அதத்தான்.