மலையேறும் சிறு லாரிக்கு வீட்டிலேயே கிரவுன் பினியன் மாற்றும் முறை

செங்கோட்டையிலிருந்து புளியரை எஸ் வளைவைக் கடந்து, ஆரியங்காவு வழியாகப் புனலூருக்குக் காய்கறியும் வைக்கோலும் ஏற்றிச் செல்லும் சிறு லாரிகளில், என்ஜினுக்கு அடுத்தபடியாக அதிகம் பாடுபடுவது பின் ஆக்சிலுக்குள் இருக்கும் டிஃபரன்ஷியல்தான். என்ஜினிலிருந்து வரும் சுழற்சியை வாங்கும் சிறு பல்சக்கரம் பினியன்; அது சுற்றும் பெரிய பல்சக்கரம் கிரவுன் வீல். ஏறும்போது கிரவுன் வீல் பல்லின் ஒரு பக்கமும், கழுதுருட்டி, தென்மலைப் பக்கம் சிறிய கியரில் இறங்கும்போது அதே பல்லின் மறுபக்கமும் சுமையைத் தாங்குகின்றன. சமவெளியில் மட்டும் ஓடும் வண்டியில் மறுபக்கம் ஏறத்தாழப் புதிதாகவே இருக்கும்; மலைப்பாதை வண்டியில் இரண்டு பக்கமும் தேய்ந்திருக்கும். ஆகவே, புதிய ஜோடியைப் பொருத்தும்போது ஏறும் பக்கத்தை மட்டும் பார்த்துத் திருப்தி அடைவது இந்தப் பகுதி வண்டிகளுக்குப் போதாது.

வண்டியைக் கழற்றுவதற்கு முன், கோளாறு உண்மையிலேயே கிரவுன் பினியனில்தான் இருக்கிறதா என்று தெளிவு செய்துகொள்ள வேண்டும். ஆக்சிலேட்டரை அழுத்தும்போது மட்டும் எழும் ஊளைச் சத்தமும், காலை எடுத்தவுடன் எழும் ஊளைச் சத்தமும் பல் தேய்மானத்தையோ, தவறான அமைப்பையோ காட்டுகின்றன. அழுத்தினாலும் விட்டாலும் மாறாமல் உறுமிக்கொண்டே இருந்தால் பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். வளைவில் திரும்பும்போது மட்டும் சத்தம் வந்தால், குற்றம் பெரும்பாலும் இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல உதவும் உள் பல்சக்கரங்களான சன் கியர், ஸ்டார் கியர்களிலோ அவற்றின் வாஷர்களிலோதான் இருக்கும். புறப்படும்போது ஒரு முறை "டொக்" என்று கேட்டு, பிறகு ஒன்றும் இல்லை என்றால், முதலில், கியர் பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுவரும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் ஜாயிண்டை அசைத்துப் பாருங்கள். ஜாயிண்ட் கிராஸ் மாற்றினால் தீர்ந்திருக்க வேண்டிய தொல்லைக்காக ஆக்சிலையே பிரித்துப் போட்டவர்கள் உண்டு.

இங்கே விளக்கப்படுவது, ஆக்சில் ஹவுசிங்கின் முன்முகத்தில் வட்டமாகப் போல்ட்டுகள் இருந்து, அவற்றைக் கழற்றினால் கிரவுன், பினியன், பேரிங்குகள் எல்லாம் ஒரே தொகுதியாக வெளியே வரும் அமைப்பு. வீட்டு முற்றத்தில் செய்வதற்கு ஏற்றது இதுதான். பின்மூடியை மட்டும் கழற்றி, வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டே எல்லாவற்றையும் அமைக்க வேண்டிய ஆக்சில்களுக்கும் அளவுகளின் தத்துவம் ஒன்றே. ஆனால் அவற்றில் ஹவுசிங்கையே சற்று விரிக்கும் கருவி தேவைப்படும் என்பதால், முதல் முயற்சிக்கு அவை வேண்டாம்.

புதிய ஜோடி வாங்கும்போது கடையிலேயே பற்களை எண்ணிவிட வேண்டும். கிரவுனில் 41 பல்லும் பினியனில் 10 பல்லும் இருந்தால் விகிதம் 4.1, 37க்கு 9 என்றால் 4.11. பழையதன் விகிதம் தெரியாவிட்டால், கியரை நியூட்ரலில் வைத்து, ஒரு பின்சக்கரத்தைத் தரையில் நிலையாக விட்டு, மற்றொன்றைத் தூக்கி இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். அதற்குள் புரொப்பெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுவே விகிதம். கிரவுனும் பினியனும் தொழிற்சாலையில் ஒன்றோடொன்று உராயவிட்டுப் பொருத்தப்பட்டவை. இரண்டிலும் ஒரே ஜோடி எண் பொறிக்கப்பட்டிருக்கும். எண் மாறியிருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கூடவே பினியன் பேரிங் இரண்டு, பக்கப் பேரிங் இரண்டு, ஆயில் சீல், நசுங்கும் ஸ்பேசர் (இரு பினியன் பேரிங்குகளுக்கு இடையே இருந்து, நட்டை இறுக்கும்போது நசுங்கும் குழாய்), பினியன் நட், கிரவுன் போல்ட்டுகள் ஆகியவற்றையும் புதிதாகவே வாங்க வேண்டும். பழைய பேரிங்கோடு புதிய கிரவுனைப் பொருத்துவது மிச்சமல்ல. அந்தப் பேரிங் தளர்ந்தவுடன் புதிய பல்லும் இடம் மாறி, செலவிட்ட பணம் முழுவதும் வீணாகும்.

சிமெண்டுத் தளம் இல்லாத முற்றத்தில் ஸ்டாண்டுக்கு அடியில் கனமான இரும்புத் தகடு போடாமல் வேலையைத் தொடங்கக் கூடாது. சாரல் காலத்தில் நனைந்த மண் எப்போது இளகும் என்று சொல்ல முடியாது. முன்சக்கரங்களுக்கு இரு புறமும் கட்டை வைத்து, சேஸியின் கீழ் ஸ்டாண்டு கொடுத்து, ஜாக்கியை நம்பாமல் வேலை செய்யுங்கள். சூடாக இருக்கும்போதே ஆயிலை வடித்து, வடிகால் பிளக்கில் உள்ள காந்தத்தைப் பாருங்கள்: சாம்பல் நிறப் பசை இயல்பானது, செதில் செதிலாக வந்தால் பல்லோ பேரிங்கோ உடைந்திருக்கிறது. ஆயில் பால் நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஓடிச் சூடான ஆக்சில் திடீரென்று வெள்ளத்தில் இறங்கிக் குளிரும்போது உள்ளே அழுத்தம் குறைந்து, சீல் வழியாகவும் காற்றுத் துளை வழியாகவும் நீரை இழுத்துக்கொள்ளும். சேற்றால் அடைபட்ட காற்றுத் துளையைச் சுத்தம் செய்வது இந்த வேலையிலேயே மிக மலிவான பகுதி.

சக்கர மையத்தில் வட்டமாகப் போல்ட்டுகள் தெரிந்தால், சக்கரத்தைக் கழற்றாமலேயே ஆக்சில் ஷாஃப்ட்டை உருவிவிடலாம். பிறகு புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் ஃபிளாஞ்சில் (இணைப்புத் தட்டில்) அடையாளக் கோடு போட்டுக் கழற்றி, பலகை கட்டிய ஜாக்கியைத் தொகுதியின் கீழ் கொடுத்து, இருவராக வெளியே எடுங்கள். இந்த இடத்தில் நேரடியாகப் பிரிக்கத் தொடங்காமல், பழைய ஜோடியின் பிளே (பற்களுக்கு இடையிலான தளர்வு) எவ்வளவு, பல்லில் தேய்ந்த தடம் எங்கே விழுந்திருக்கிறது, பினியன் ஷிம்மின் (பினியனின் ஆழத்தை அமைக்கும் மெல்லிய வளையத் தகட்டின்) தடிமன் எவ்வளவு என்று மூன்றையும் நோட்டில் எழுதி வையுங்கள். பக்கப் பேரிங்குகளின் மூடிகள் இடம் மாறக் கூடாது. அவை உடலோடு சேர்த்துக் குடையப்பட்டவை. இடப்புற மூடியிலும் அதன் அடிப்பகுதியிலும் ஒரு புள்ளி, வலப்புறத்தில் இரண்டு புள்ளி என்று பஞ்சால் தட்டிவிட்டால் குழப்பம் இராது. காலி ஹவுசிங்கை ஷாஃப்ட் குழாயின் கடைசி வரை டீசலால் கழுவித் துடைக்க வேண்டும். அங்கே ஒட்டியிருக்கும் ஒரு சிறு செதில் புதிய பேரிங்கைத் தின்றுவிடும்.

கிரவுனை அதைத் தாங்கும் டிஃபரன்ஷியல் கூடான கேஸில் ஏற்றும்போது சுத்தியலால் அடித்து இறக்காதீர்கள். கொதிநீர்ச் சூடு அளவுக்கு எண்ணெயில் சூடாக்கினால் அது தானாக அமர்ந்துவிடும். நெருப்பை நேரடியாகக் காட்டினால் பல்லின் கடினத்தன்மை போய்விடும். போல்ட்டுகளை எதிரெதிராக, பல சுற்றுகளில், கம்பெனி கொடுத்த அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும்.

அடுத்து அமைப்பு வேலை. அதன் வரிசை மாறாதது: முதலில் பினியனின் ஆழம், பிறகு கிரவுனின் பிளே, பிறகு பல்லின் தடம், தடம் சரியில்லை என்றால் மீண்டும் ஆழத்திலிருந்து. நசுங்கும் ஸ்பேசரையும் ஆயில் சீலையும் முதல் பொருத்தலில் போடக் கூடாது. அவை கடைசிப் பொருத்தலுக்கு உரியவை. ஆழத்தை மாற்றுவதற்குப் பினியனைப் பல முறை வெளியே எடுக்க வேண்டியிருக்கும் என்பதால், ஒவ்வொரு முறையும் புதிய பேரிங்கைப் பிரஸ்ஸில் ஏற்றி இறக்குவதற்குப் பதிலாக, அதே கம்பெனியின் அதே எண் கொண்ட பழைய பேரிங்கின் உள்துளையைச் சற்றே பெரிதாக்கி, கையால் ஏறி இறங்கும்படி வைத்துக்கொள்வது நல்ல ஏற்பாடு. ஷிம், வண்டியைப் பொறுத்து, பினியன் தலைக்கும் உட்பேரிங்குக்கும் இடையிலோ, அந்தப் பேரிங்கின் கப்புக்கு (வெளிவளையத்துக்கு) அடியிலோ இருக்கும். எங்கிருந்தாலும் ஷிம்மைக் கூட்டினால் பினியன் கிரவுனின் மையத்தை நோக்கி நகரும். பினியன் தலையில் கூட்டல் அல்லது கழித்தல் குறியோடு ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். அதன் பொருள் கம்பெனிக்குக் கம்பெனி மாறுவதால், பழைய ஷிம்மின் தடிமனிலிருந்து தொடங்கி, தீர்ப்பைத் தடத்திடம் விடுவதே பாதுகாப்பானது.

பிளேயை அளக்க, மிகச் சிறு அசைவையும் முள்ளால் காட்டும் டயல் கேஜ் கட்டாயம் வேண்டும். பினியனை அசையாமல் பிடித்து, கேஜின் முனையைக் கிரவுன் பல்லின் வெளிமுனையில் பல்லுக்குச் செங்குத்தாக வைத்து, கிரவுனை முன்னும் பின்னும் அசைத்தால் முள் காட்டும் அளவே பிளே. சிறு லாரிகளுக்குப் பொதுவாக 0.15 முதல் 0.20 மி.மீ. வரை இருக்கும், உங்கள் வண்டியின் கையேடு வேறு சொன்னால் கையேடே சரி. நான்கு இடங்களில் அளந்து, அவற்றுக்கிடையே 0.05 மி.மீ.க்கு மேல் வேறுபாடு வந்தால் கிரவுன் நேராக அமரவில்லை. கிரவுனை நகர்த்த, இரு புறமும் உள்ள திருகு வளையங்களில் ஒன்றை எத்தனை பல் தளர்த்துகிறீர்களோ, மற்றதை அத்தனை பல் இறுக்க வேண்டும். கிரவுனை 0.10 மி.மீ. நகர்த்தினால் பிளே ஏறத்தாழ 0.07 மி.மீ. மாறும் என்ற கணக்கு நினைவில் இருந்தால் வீண் சுற்று குறையும். "கையால் ஆட்டிப் பார்த்தேன், சரியாக இருக்கிறது" என்று சொல்லும் பழக்கம் பல பட்டறைகளில் உண்டு. மீட்டருக்குள் அடங்காத அந்த விரல் கணக்குதான் புதுக் கிரவுன் போட்ட மறுவாரமே வண்டி ஊளையிடுவதற்குக் காரணம்.

தடம் பார்ப்பதற்குக் கிரவுனின் மூன்று நான்கு பற்களைத் துணியால் ஈரமில்லாமல் துடைத்து, இரு பக்கங்களிலும் புருஷியன் புளூ என்னும் நீலச் சாயப் பசையை மெல்லிய படலமாகப் பூசுங்கள். அதிகம் பூசினால் சாயம் பிதுங்கிப் பொய்த்தடம் காட்டும். துணைக்கு ஒருவர் பினியன் ஃபிளாஞ்சில் கட்டையை அழுத்தித் தடை கொடுக்க, நீங்கள் கிரவுன் போல்ட்டில் ஸ்பேனரை மாட்டி, பூசிய பற்கள் பினியனைக் கடக்கும்படி இரு திசையிலும் பல முறை சுற்ற வேண்டும். தடையில்லாமல் சுற்றினால் தடம் விழாது. விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால், நீலத்தின் நடுவே சாயம் துடைக்கப்பட்டு உலோகம் பளிச்சென்று தெரியும் இடம் நெல்மணி போல நீண்டிருக்கும். கிரவுன் பல்லின் குவிந்த பக்கம் வண்டி ஏறும்போது வேலை செய்வது. குழிந்த பக்கம் இறங்கும்போது வேலை செய்வது.

அந்த மணி குவிந்த பக்கத்தில் முகட்டுக்கும் அடிக்கும் நடுவே, நீளவாக்கில் மையத்திலோ உள்முனைக்குச் சற்றே நெருங்கியோ இருக்க வேண்டும். பாரம் ஏறும்போது தடம் வெளிமுனையை நோக்கி விரியும் என்பதால், உள்முனைச் சாய்வு பாதகமல்ல. தடம் பல்லின் முகட்டில் ஏறியிருந்தால் பினியன் தொலைவில் நிற்கிறது, ஷிம்மைக் கூட்டுங்கள். அடியில் இறங்கிக் கூர்மையான கோடாகத் தெரிந்தால் பினியன் அளவுக்கு மீறி உள்ளே வந்திருக்கிறது; ஷிம்மைக் குறையுங்கள். உயரம் சரியாக இருந்து, குவிந்த பக்கத் தடம் உள்முனையிலேயே ஒட்டிக்கொண்டால் கிரவுனைச் சற்று விலக்கலாம். வெளிமுனையில் ஒட்டினால் நெருக்கலாம். ஆனால் பிளே எல்லைக்குள் நிற்க வேண்டும். தொடக்கத்தில் 0.10 மி.மீ. அளவில் பெரிதாக மாற்றி, தடம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கண்டுகொண்டு, பிறகு 0.05 அளவில் நெருங்கினால் விரைவில் முடியும். ஆழத்தை மாற்றிய ஒவ்வொரு முறையும் பிளேயைத் திரும்ப அமைக்காமல் தடத்தைப் படிக்கக் கூடாது. இறங்கும் பக்கத் தடம் சற்று முன்பின்னாக இருந்தாலும் பலர் பொறுத்துக்கொள்கிறார்கள். பாரத்தோடு சரிவில் இறங்கும் வண்டிக்கு, அங்கும் தடம் பல்லின் விளிம்பைத் தொடாமல் இருக்கும் வரை விடாமல் திருத்துவதே என் வழக்கம்.

தடம் அமைந்த பின் பினியனை எடுத்து, தேர்ந்த ஷிம்மோடு புதிய பேரிங்கை ஏற்றி, கியர் ஆயில் தடவி, நசுங்கும் ஸ்பேசரைப் போட்டு இறுக்க வேண்டும். ஃபிளாஞ்சைப் பிடித்துக்கொள்ள, இரண்டு துளையிட்ட நீளப் பட்டை இரும்பு போதும். ஸ்பேசர் நசுங்கத் தொடங்குவதற்குப் பெரும் விசை வேண்டும். தொடங்கிய பிறகு, நட்டின் சிறு அசைவும் பேரிங்கின் இறுக்கத்தைக் கூட்டிவிடும். எனவே சிறிது சிறிதாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் அளக்க வேண்டும். இதற்குத் தனிக் கருவி இல்லாதவர்கள், பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் மூட்டை நிறுப்பதற்கு வைத்திருப்பது போன்ற தொங்கு தராசைப் பயன்படுத்தலாம். ஃபிளாஞ்சின் மேல் நூல் கயிற்றைச் சுற்றி, அதன் நுனியைத் தராசின் கொக்கியில் மாட்டி, சீராக இழுங்கள். கயிறு சுற்றும் விட்டம் 10 செ.மீ., தராசு 4 கிலோ காட்டுகிறது என்றால், சுழல்விசை ஏறத்தாழ 2 நியூட்டன் மீட்டர். கிளம்பும் கணத்தில் தாவும் எண்ணைக் கணக்கில் கொள்ளாமல், சுழன்றுகொண்டிருக்கும்போது காட்டும் எண்ணையே எடுத்துக்கொள்ள வேண்டும். புதிய பேரிங்குகளுக்கு 2 முதல் 3 நியூட்டன் மீட்டர் வரை வழக்கமான அளவு. அளவு தாண்டிவிட்டால் நட்டைத் தளர்த்திச் சரிசெய்ய முடியாது, வேறு ஸ்பேசர்தான் போட வேண்டும். ஆகவே வாங்கும்போதே இரண்டாக வாங்கி வையுங்கள்.

கிரவுனை மீண்டும் ஏற்றி, பிளே அமைத்து, பக்கப் பேரிங்குகளுக்கு இறுக்கம் கிடைக்கும்படி திருகு வளையத்தைக் கையேடு சொல்லும் அளவு கூடுதலாகத் திருப்பி, பூட்டுத் தகட்டைப் போட்டு, தடத்தை இன்னொரு முறை பாருங்கள். பொருத்தி முடித்து, மட்டமான இடத்தில் நிறுத்தி, ஜிஎல்-5 தர (இத்தகைய ஆக்சிலுக்குரிய தரம்) கியர் ஆயிலை நிரப்பும் துளை வரை ஊற்ற வேண்டும். பினியன் கிரவுனின் மையத்துக்குக் கீழே தள்ளி அமைந்திருப்பதால் பற்கள் உருள்வதோடு வழுக்கவும் செய்கின்றன. சாதாரண ஆயில் அந்த உராய்வைத் தாங்காது. மிஞ்சியதைக் கியர் பாக்ஸில் ஊற்றிவிடாதீர்கள், அதன் ரசாயனச் சேர்க்கை பித்தளை வளையங்களைக் கெடுத்துவிடும். சிறிது நேரம் கழித்து, ஷாஃப்ட் குழாய்களுக்குள் ஓடிய அளவை மீண்டும் நிரப்புங்கள்.

முதல் ஓட்டம் பாரமில்லாமல், தென்காசி, பாவூர்சத்திரம் பக்கச் சமவெளிச் சாலையில் முப்பது கிலோமீட்டர் வரை மிதமான வேகத்தில் இருக்கட்டும். பிறகு ஆக்சில் முழுவதும் ஆறும் வரை நிறுத்தி வைத்து, மீண்டும் ஓட்டுங்கள். புதிய பற்கள் ஒன்றோடொன்று இழையும்போது சூடு மிகும். கை வைத்தால் பொறுக்க முடியாத அளவுக்குச் சுட்டுக்கொண்டே இருந்தால், பினியன் பேரிங் அதிகமாக இறுகியிருக்கிறது என்று கொண்டு திறந்து பார்க்க வேண்டும். முதல் 800 கிலோமீட்டருக்குள் முழுப் பாரத்தோடு மலை ஏற்றாமல் இருந்து, அந்த அளவை எட்டியதும் ஆயிலை மாற்றிவிடுங்கள். அப்போது காந்தத்தில் மெல்லிய சாம்பல் பசை மட்டும் இருந்தால் வண்டியைப் புளியரை ஏற்றத்துக்கு அனுப்பலாம்.