மழலையர் கல்வியில் முதுகலை: நான் செய்த தவறுகள், நீங்கள் தவிர்க்கலாம்

ஆய்வேட்டைச் சமர்ப்பித்த வாரம் மேசையை ஒழித்துக்கொண்டிருந்தபோது முதல் பருவத்து நோட்டு ஒன்று அகப்பட்டது. குழந்தைகளைக் கவனித்து எழுதும் முதல் பயிற்சி அதில்தான் இருந்தது. முதல் பக்கத்தில் நான் எழுதியிருந்தது இவ்வளவுதான்: "மூன்றரை வயதுப் பையன். கூச்ச சுபாவம். யாரோடும் சேரமாட்டான்." இருபது நிமிடம் உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுதிய மூன்று வரி. அதில் வயதைத் தவிர மற்றதெல்லாம் என் தீர்ப்பு.

அன்று நடந்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. இரண்டு பிள்ளைகள் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். இவன் கையில் ஒரு முக்கோணக் கட்டையோடு இரண்டடி தள்ளி நின்றான். அவர்கள் அடுக்க அடுக்க இவன் உதடு அசைந்தது, எண்ணிக்கொண்டிருந்தான் போல. கோபுரம் சரிந்தபோது ஓடிப்போய்த் தன் கட்டையைக் கீழே வைத்துவிட்டுப் பழைய இடத்துக்கே திரும்பி வந்து நின்றான். இதில் எது "யாரோடும் சேரமாட்டான்"? மில்ட்ரெட் பார்ட்டன் என்ற ஆய்வாளர் 1932-இலேயே குழந்தைகளின் விளையாட்டை வகைப்படுத்தும்போது, ஒதுங்கி நின்று வேடிக்கை பார்ப்பதையும் அதில் ஒரு வகையாகச் சேர்த்திருக்கிறார். அதைப் பாடத்தில் படித்துத் தேர்விலும் எழுதினேன். கண் முன்னால் நடந்தபோது தெரியவில்லை.

இந்தப் படிப்பில் முதலில் திருத்திக்கொள்ள வேண்டிய தவறு இதுதான்: பார்த்ததை எழுதாமல், முடிவு கட்டியதை எழுதுவது. எனக்கு உதவிய வழி எளிமையானது. பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்தேன். இடப்பக்கம் கண்ணும் காதும் வாங்கியது மட்டும்: என்ன செய்தான், என்ன சொன்னாள், எத்தனை நிமிடம். வலப்பக்கம் எனக்குத் தோன்றியது. 'கூச்சம்', 'பிடிவாதம்', 'சுட்டி' மாதிரிச் சொற்கள் இடப்பக்கம் வந்தால் உடனே அடித்துவிடுவேன். முதல் மாதம் இடப்பக்கம் கிட்டத்தட்டக் காலியாகவே இருந்தது. எனக்குப் பார்க்கவே தெரியவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அடுத்தது, கோட்பாட்டை முத்திரை மாதிரிக் குத்துவது. குழந்தைகளின் சிந்தனை வளர்ச்சிக்கு உளவியலாளர் பியாஜே சொன்ன வயதுப் படிகளை நான் மாடிப்படி மாதிரியே எடுத்துக்கொண்டேன். இத்தனை வயது, இந்தப் படி, அதனால் இது இவளுக்குப் புரியாது என்று. அவருடைய புகழ்பெற்ற சோதனை ஒன்று எல்லாருக்கும் தெரிந்திருக்கும். இரண்டு வரிசையில் சமமாகப் பொத்தான்களை வைத்து, பிறகு ஒரு வரிசையை மட்டும் இடைவெளி விட்டு நீட்டினால், சின்னக் குழந்தைகள் நீளமான வரிசையில்தான் அதிகம் என்பார்கள். 1974-இல் மெக்காரிகிள், டொனால்ட்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதையே சற்று மாற்றிச் செய்தார்கள். பெரியவர் வரிசையைக் கலைக்கவில்லை. ஒரு குறும்புக்காரக் கரடிபொம்மை வந்து கலைத்துவிட்டுப் போனது. இப்போது சரியாகச் சொன்ன குழந்தைகள் மிக அதிகம். ஏன்? பெரியவர் ஒருவர் வேண்டுமென்றே எதையோ மாற்றிவிட்டு, அதே கேள்வியைத் திரும்பக் கேட்டால், பதிலும் மாற வேண்டும் என்று குழந்தை நினைப்பது நியாயம்தானே. நம்முடைய கேள்வியும் சோதனையில் ஒரு பகுதி. ஒரு குழந்தைக்கு ஒன்று தெரியவில்லை என்று எழுதுவதற்கு முன், அதை நான் எப்படிக் கேட்டேன் என்பதையும் இப்போது பக்கத்திலேயே எழுதிவைக்கிறேன்.

கோட்பாட்டுப் பகுதியில் இன்னொரு சறுக்கல். 'சாரம் கட்டுதல்', அதாவது குழந்தை தானாகச் செய்ய வரும்வரை பெரியவர் தாங்கி உதவுவது என்ற கருத்தை, ஆய்வேட்டில் சோவியத் உளவியலாளர் வைகாட்ஸ்கி சொன்னதாக எழுதியிருந்தேன். வாய்மொழித் தேர்வில் ஒருவர் மெதுவாக, "இந்தச் சொல்லை அவர் எங்கே பயன்படுத்தியிருக்கிறார்?" என்று கேட்டார். எனக்கு வியர்த்துவிட்டது. வைகாட்ஸ்கி 1934-இல் இறந்தவர். கற்பித்தலில் அந்த உருவகத்தைப் பிரபலமாக்கியது வுட், புரூனர், ராஸ் மூவரும் 1976-இல் எழுதிய கட்டுரை. அது வைகாட்ஸ்கியின் சிந்தனையோடு பிற்பாடு ஒட்டிக்கொண்டது. மூலத்தைப் படிக்காமல், மூலத்தைப் படித்தவரைப் படித்தவரைப் படித்தால் இப்படித்தான் ஆகும். அதைவிட முக்கியமான ஒன்றை நான் கோட்டைவிட்டிருந்தேன். கட்டட வேலையில் சாரம் கட்டுவது பாதி வேலை, பிரிப்பது மீதி. என் வகுப்புக் குறிப்புகளில் நான் உதவி செய்த இடங்கள் பக்கம் பக்கமாக இருந்தன. உதவியை எப்போது விலக்கினேன் என்று ஒரு வரிகூட இல்லை.

ஒற்றை ஆய்வைச் சட்டமாக்குவதும் நிறையப் பேர் செய்வது. முன்பருவக் கல்வி பற்றிய எந்த ஆய்வேட்டைத் திறந்தாலும் முன்னுரையில், மழலையர் பள்ளிக்குப் போன குழந்தைகளைப் பெரியவர்களாகும்வரை பின்தொடர்ந்த பெர்ரி ஆய்வு வந்துவிடும். என்னுடையதிலும் வந்தது. 1962-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் தொடங்கியது. மொத்தம் 123 குழந்தைகள், வறுமையில் இருந்த குடும்பங்கள். அந்தத் திட்டத்தில் ஆசிரியர்கள் வாரந்தோறும் வீட்டுக்கே போனார்கள், ஓர் ஆசிரியருக்கு ஆறு குழந்தை அளவில்தான் இருந்தது. இதையெல்லாம் விட்டுவிட்டு, "மழலையர் பள்ளிக்குப் போன குழந்தைகள் வாழ்க்கையில் முன்னேறுகிறார்கள்" என்று மட்டும் எடுத்துக்கொண்டால், முப்பது பேரை ஒரே அறையில் அடைத்துவைக்கும் இடத்துக்கும் அதே சான்றிதழைக் கொடுத்துவிடுகிறோம்.

மார்ஷ்மல்லோ சோதனை இன்னும் மோசம். குழந்தை முன்னால் ஒரு மிட்டாயை வைத்து, உடனே தின்னாமல் காத்திருந்தால் இன்னொன்று தருவதாகச் சொல்லும் சோதனை அது. காத்திருந்து இரண்டு மிட்டாய் வாங்கிய குழந்தைதான் பிற்காலத்தில் ஜெயிக்கும் என்று அதைப் பெற்றோர் கூட்டத்தில் நானே பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். 2018-இல் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் தரவை வைத்து மறுபடி பார்த்தபோது, அந்தத் தொடர்பு பழைய ஆய்வு சொன்னதில் பாதியளவே இருந்தது. குடும்பப் பின்னணியைக் கணக்கில் சேர்த்ததும் இன்னும் சுருங்கிவிட்டது. அன்று வீட்டுக்குப் போய்ப் பிள்ளை முன்னால் மிட்டாயை வைத்துச் சோதித்த பெற்றோர் எத்தனை பேரோ!

தலைப்பை அகலமாக எடுப்பது பற்றி எல்லா கைடும் சொல்வார்கள், யாரும் கேட்பதில்லை, நானும் கேட்கவில்லை. 'விளையாட்டுவழிக் கற்றல்' என்று ஆரம்பித்து, ஒன்பது மாதம் கழித்து, மணல்மேடையில் ஏற்கெனவே விளையாடுகிறவர்களோடு புதிதாக வரும் குழந்தை எப்படிச் சேர்ந்துகொள்கிறது என்பதில் வந்து நின்றேன். அதுவே பெரிய தலைப்பாக இருந்தது.

அப்புறம், குழந்தைகளை ஆய்வில் சேர்க்க வாங்கும் ஒப்புதல். பெற்றோர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள், வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம். கையெழுத்துப் போட்டது அம்மாவும் அப்பாவும்தான். குழந்தையை யார் கேட்டது? 1989-இல் ஐநா ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவே, தன்னைப் பற்றிய விஷயத்தில் கருத்துச் சொல்லக் குழந்தைக்கு உரிமை உண்டு என்கிறது. நான்கு வயதுக் குழந்தை படிவத்தில் எழுதித் தராது. முதுகைத் திருப்பும். வேறு மூலைக்குப் போகும். பேசிக்கொண்டிருந்தது நாம் பக்கத்தில் வந்ததும் நிறுத்தும். இதெல்லாம் 'வேண்டாம்' என்பதுதான். ஒவ்வொரு நாளும் புதிதாகக் கேட்க வேண்டிய கேள்வி இது. முதல் நாள் தலையாட்டிய குழந்தை மூன்றாம் நாள் மறுக்கலாம்.

பட்டம் கைக்கு வந்த பிறகு செய்கிற தவறுகள் வேறு ரகம். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். வகுப்பில் ஒரு பையன் காலையில் வாசலிலேயே அழுவான். தினமும் இல்லை, சில நாள் மட்டும். நான் உடனே அம்மா-பிள்ளைப் பிணைப்பு, பிரிவுப் பதற்றம், அதையெல்லாம் ஆராய்ந்த எய்ன்ஸ்வொர்த் என்று மனதுக்குள் ஓர் அத்தியாயமே எழுதிவிட்டேன். அவனுடைய அம்மாவைக் கூப்பிட்டு வீட்டு நிலவரம் விசாரித்தேன். அவர் முகம் சுருங்கியது. மறுநாள், பல வருடமாக அங்கே வேலை பார்க்கும் உதவியாளர் அக்கா, பாய்களை மடித்துக்கொண்டே சொன்னார்: "டீச்சர், லேஸ் வச்ச ஷூ போட்டுட்டு வர்ற அன்னைக்குத்தான் அழுவுறான், பாத்தீங்களா?" தூங்கும் நேரத்தில் ஷூவைக் கழற்ற வேண்டும். திரும்பக் கட்டத் தெரியாது. மற்றவர்கள் விளையாட ஓடும்போது இவன் மட்டும் யாராவது கட்டிவிடக் காத்திருக்க வேண்டும். அவ்வளவுதான். ஒட்டுப்பட்டை ஷூ வந்தது, அழுகை நின்றது. அக்கா படித்தது எட்டாம் வகுப்பு. அவருடைய நோட்டில் இடப்பக்கம் நிரம்பி வழிகிறது என்று நினைத்துக்கொண்டேன். அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று.

பட்டத்தோடு பள்ளிக்குத் திரும்பிப் போனதும் முதல் வாரத்திலேயே எல்லாவற்றையும் மாற்றப் புறப்படுவதும் இதே குடும்பத்துத் தவறு. எழுத்துப் பயிற்சித் தாள்களை ஒரே நாளில் நிறுத்தினேன். ஏன் நிறுத்தினேன் என்று பெற்றோருக்குச் சொல்லும்போது 'நுண்தசை ஒருங்கிணைவு' என்றேன். யாருக்கும் புரியவில்லை. களிமண்ணைப் பிசைந்து விரல் வலுவானால்தான் பென்சில் பிடி நிற்கும் என்று சொல்லியிருந்தால் போதும்.

கடைசியாக, யாரும் எச்சரிக்காத ஒன்று. ஒப்புதல் படிவத்தில் "ஆய்வு முடிந்ததும் பதிவுகள் அழிக்கப்படும்" என்று நாமே எழுதியிருப்போம். பட்டமளிப்பு, போட்டோ, வாழ்த்து என்று ஓடும் நாளில் அது மறந்துவிடும். அடுத்தவர் பிள்ளைகளின் முகங்கள் நம் மடிக்கணினியிலும் போனிலும் வருடக்கணக்கில் கிடக்கும். உங்கள் நிறுவனத்து விதி எவ்வளவு காலம் வைத்திருக்கச் சொல்கிறதோ அதைப் பாருங்கள். அந்தத் தேதியை நாட்காட்டியில் குறித்துவையுங்கள். தானாகப் பிரதி எடுத்துவைக்கும் இணையச் சேமிப்பிலும் தேடுங்கள்.

என் தேதி போன மாதம் வந்தது. அழிப்பதற்கு முன் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். மணல்மேடைப் பதிவு ஒன்றில், மஞ்சள் சட்டை போட்ட சிறுமி நேராக கேமராவிடம் வருகிறாள். உள்ளங்கையால் லென்ஸை மூடுகிறாள். திரை இருட்டாகிறது, பிறகு கை விலகுகிறது. நான் அணைக்கவில்லை. அதற்குப் பிறகும் நான்கு நிமிடம் ஓடியிருக்கிறது. ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தில் அந்த நான்கு நிமிடத்திலிருந்துதான் ஓர் எடுத்துக்காட்டைக் கொடுத்திருந்தேன்.