இரண்டாம் கட்டத்தில் நின்றுபோன வி-சென்டர்

மூன்று நாள் போயிற்று. விஎம்களை (மெய்நிகர் கணினிகளை) ஓட்டும் எங்கள் ஈஎஸ்எக்ஸ்ஐ சர்வர்களை ஒரே இடத்திலிருந்து பார்த்துக்கொள்ள, விஎம்வேரின் வி-சென்டர் 8 அப்ளையன்ஸ் (தானும் ஒரு விஎம்மாக ஓடும் நிர்வாக மென்பொருள்) போட்டேன். இருப்பதிலேயே சின்ன அளவு: 2 சிபியு, 14 ஜிபி மெமரி. நிறுவல் இரண்டு கட்டம். முதல் கட்டம் சுத்தமாக முடியும். இரண்டாம் கட்டம் பாதியில் ஃபர்ஸ்ட்பூட் (முதல் துவக்க) பிழை காட்டி நிற்கும். விஎம்மை அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து.

மெமரியைக் கூட்டினேன், ஐஎஸ்ஓ நிறுவல் கோப்பை மறுபடி இறக்கினேன், பலனில்லை. நெட்வொர்க் வழியே கடிகாரத்தைச் சரிசெய்யும் என்டிபி நேரமும் நொடி பிசகவில்லை. பெயரையும் ஐபி முகவரியையும் இணைக்கும் டிஎன்எஸ் சரி என்றே நினைத்திருந்தேன். டிஎன்எஸ்ஸைக் கேட்கும் என்எஸ்லுக்கப் கட்டளையில் பெயரைக் கொடுத்தால் ஐபி ஒழுங்காக வந்தது.

அப்புறம்தான் தலைகீழாக, ஐபியைக் கொடுத்துப் பார்த்தேன். இரண்டு பெயர்கள்! அந்த ஐபியில் முன்பு ஒரு பிரின்ட் சர்வர் இருந்தது. அதைக் கழற்றியபோது பிடிஆர் பதிவை (ஐபிக்கு உரிய பெயரைச் சொல்லும் டிஎன்எஸ் பதிவு) நான் அழிக்கவில்லை. ஒருமுறை கேட்டால் புதுப் பெயர் மேலே வருகிறது, அடுத்த முறை பழைய பிரின்டர். ஒரு தடவை மட்டும் பார்ப்பவர் கண்ணில் இது படாது, நாலைந்து தடவை கேட்டுப் பாருங்கள்.

பழைய பதிவை நீக்கி, டிஎன்எஸ் கேஷையும் துடைத்துவிட்டு மறுபடி போட்டேன். இரண்டாம் கட்டம் நிற்காமல் முடிந்தது. 5480 போர்ட்டில் திறக்கும் அப்ளையன்ஸின் நிர்வாகப் பக்கத்தில் எல்லாம் பச்சை. அப்பாடா.