வாடகை உயர்வு அறிவிப்பு வந்தால்: முதல் மாதம் கட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

வாடகையை உயர்த்தப்போவதாக வீட்டு உரிமையாளர் சொன்னதும் குடியிருப்பவர்களில் பலர் தமக்குள் கேட்டுக்கொள்வது, "இவ்வளவு கொடுக்க நம்மால் முடியுமா?" என்பதுதான். அதற்கும் முன்னால், "இவ்வளவு கேட்பதற்கு அவருக்குச் சட்டம் இடம் கொடுக்கிறதா?" என்று கேட்க வேண்டும். வரம்பு மீறிய உயர்வை எந்த அதிகாரியும் தாமாக வந்து தடுப்பதில்லை. குடியிருப்பவர் கணக்குப் பார்த்து மறுத்த பிறகே சட்டம் அவர் பக்கம் வந்து நிற்கிறது. பேசாமல் கட்டிவிட்டால், பல இடங்களில் அந்த மௌனமே சம்மதமாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் முறையான எழுத்து அறிவிப்பின்றி உயர்த்தப்பட்ட வாடகை செல்லாது. ஆனாலும் அதைத் தொடர்ந்து 12 மாதங்கள் கட்டிவிட்டால் அந்தக் குறையைக் காட்டி உயர்வை இல்லாததாக்க முடியாது என்று 2020-இல் சட்டம் திருத்தப்பட்டது. ஜெர்மனியிலும் உயர்த்திய தொகையை மறுப்பேதும் சொல்லாமல் பலமுறை செலுத்தினால் அது ஒப்புதலாகக் கருதப்படலாம். ஆகவே முதல் மாதப் பணம் கைமாறுவதற்கு முன்பே சரிபார்த்துவிடுவது நல்லது.

முதலில், உங்கள் வீடு எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறது என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். உச்சவரம்புச் சட்டம் இருக்கும் ஊர்களில்கூட எல்லா வீடுகளுக்கும் அது பொருந்துவதில்லை. ஒன்டாரியோவில் 2018 நவம்பர் 15-க்குப் பிறகு முதன்முதலாகக் குடியேற்றம் நடந்த வீடுகளுக்கு ஆண்டு உச்சவரம்பு கிடையாது. கலிபோர்னியாவின் 2019-ஆம் ஆண்டுச் சட்டம், கட்டி 15 ஆண்டுகள் ஆகாத வீடுகளுக்கு விலக்கு அளிக்கிறது. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த 2017-ஆம் ஆண்டுச் சட்டம் இத்தனை சதவீதம் என்று எதையும் வரையறுக்கவில்லை. எழுத்து மூலமான ஒப்பந்தம் வேண்டும், அதைப் பதிவுசெய்ய வேண்டும், வாடகை மாற்றம் அந்த ஒப்பந்தத்தின்படியே இருக்க வேண்டும் என்கிறது. இத்தகைய இடங்களில் நீங்கள் கையெழுத்திட்ட தாள்தான் உங்களுக்குரிய உச்சவரம்பு. எனவே கையெழுத்திடும் நாளன்றே உயர்வு எப்போது, எவ்வளவு என்ற வரியை எழுத்தால் மட்டுமின்றி எண்ணாலும் எழுதச் சொல்லுங்கள். "பரஸ்பரச் சம்மதத்தின்படி உயர்த்தப்படும்" என்று எழுதியிருந்தால் அது உங்களைக் காப்பாற்றாது.

அடுத்ததாகத் தொகையைப் பாருங்கள். ஒன்டாரியோவில் அரசு ஆண்டுதோறும் ஒரு சதவீதத்தை அறிவிக்கிறது, அது 2.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று சட்டமே கட்டிப்போட்டிருக்கிறது. 2023, 2024, 2025 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அது 2.5 சதவீதமாகவே இருந்தது. கலிபோர்னியாவில் 5 சதவீதத்துடன் விலைவாசி உயர்வைக் கூட்டிக்கொள்ளலாம். ஆனால் 12 மாதங்களில் மொத்தம் 10 சதவீதத்தைத் தாண்ட முடியாது. ஜெர்மனியில் அந்த வட்டாரத்தில் ஒத்த வீடுகளுக்கு வழக்கமாக உள்ள வாடகை வரை உயர்த்தலாம் என்றாலும், மூன்று ஆண்டுகளில் 20 சதவீதத்துக்கு மேலும், வீட்டுத் தட்டுப்பாடு அறிவிக்கப்பட்ட பகுதிகளில் 15 சதவீதத்துக்கு மேலும் உயர்த்தக் கூடாது.

இந்தச் சதவீதத்தை எந்தத் தொகையின் மேல் கணக்கிடுகிறோம் என்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். மாத வாடகை 1,500 என்றும், அனுமதிக்கப்பட்ட உயர்வு 2.5 சதவீதம் என்றும் வைத்துக்கொள்வோம். சட்டப்படி கேட்கக்கூடியது 1,537.50. உரிமையாளர் 1,600 கேட்கிறார். "நூறுதானே" என்று நீங்களும் கொடுத்துவிடுகிறீர்கள். அது 2.5 சதவீதம் அல்ல, ஏறக்குறைய 6.7 சதவீதம். மாதம் 62.50 வீதம் ஆண்டுக்கு 750 கூடுதலாகப் போகிறது. இழப்பு அத்துடன் நிற்பதில்லை. இரண்டாம் ஆண்டின் 2.5 சதவீதத்தை 1,537.50-இன் மேல் கணக்கிட்டால் வருவது 1,575.94 மட்டுமே. அதாவது அடுத்த ஆண்டின் உயர்வையும் சேர்த்தாலும் எட்டாத ஒரு தொகையை நீங்கள் இந்த ஆண்டே கட்டிக்கொண்டிருப்பீர்கள். அதன் மேல் அவர் மீண்டும் 2.5 சதவீதம் கேட்டால் 1,640 ஆகிவிடும். அந்த அறிவிப்பில் எழுதியிருக்கும் சதவீதம் மட்டும் சரியாகவே இருக்கும். ஆகவே அறிவிப்பில் உள்ள சதவீதத்தை நம்பாமல், குடியேறிய மாதத்திலிருந்து ஒவ்வோர் உயர்வையும் ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பாருங்கள்.

காலமும் அறிவிப்பு முறையும் தொகைக்கு இணையாக முக்கியமானவை. ஒன்டாரியோவில் குடியேறிய நாளிலிருந்தோ கடைசி உயர்விலிருந்தோ 12 மாதங்கள் கடந்திருக்க வேண்டும். 90 நாட்களுக்கு முன் எழுத்தில் அறிவிக்க வேண்டும். கலிபோர்னியாவில் 10 சதவீதம் வரையிலான உயர்வுக்கு 30 நாள் அறிவிப்பு தேவை. ஜெர்மனியில் வட்டார வாடகையைக் காட்டி உயர்த்தும்போது குடியிருப்பவரின் ஒப்புதலைக் கேட்க வேண்டும். கோரிக்கை வந்த மாதத்துக்குப் பிறகு இரண்டு முழு மாதங்கள் யோசிக்க அவருக்கு உண்டு. வாசலில் நின்று "அடுத்த மாசத்திலிருந்து கூட்டிக் கொடுத்துடுங்க" என்று சொல்வது இவற்றில் எந்த இடத்திலும் அறிவிப்பு ஆகாது. அறிவிப்பு கைக்கு வந்த தேதியை அதே தாளில் குறித்து வைத்து, படம் எடுத்து வையுங்கள்.

வாடகை என்ற பெயரில் வராத உயர்வுகளையும் கவனியுங்கள். அதுவரை வாடகைக்குள் அடங்கியிருந்த தண்ணீர், வாகன நிறுத்தம், பராமரிப்பு ஆகியவற்றைத் தனிக் கட்டணமாகப் பிரித்துக் கேட்பதும் உயர்வுதான். பழுதுபார்த்த செலவு என்று சொன்னால், அது பழுதுபார்ப்பா அல்லது மேம்பாடா என்று கேளுங்கள். ஜெர்மனியில் மேம்பாட்டுச் செலவில் 8 சதவீதம் வரை ஆண்டு வாடகையில் சேர்க்கலாம். ஒழுகும் கூரையைச் சரிசெய்வது போன்ற சாதாரணப் பழுதுபார்ப்பு அதில் சேராது.

உயர்வு வரம்பு மீறியது என்று தெரிந்தால் மறுப்பை எழுத்தில் கொடுங்கள். கடிதம் சுருக்கமாகவும் மரியாதையாகவும் இருக்கட்டும்: தற்போதைய வாடகை, கடைசி உயர்வின் தேதி, சட்டமோ ஒப்பந்தமோ அனுமதிக்கும் தொகை, அந்தத் தொகையை நீங்கள் தவறாமல் செலுத்துவீர்கள் என்ற உறுதி ஆகியவை போதும். நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது, கோபத்தில் வாடகையையே நிறுத்திவிடாதீர்கள் என்பதை. நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும், நிலுவை விழுந்த மறுகணமே வீட்டைக் காலி செய்யச் சொல்லும் காரணத்தை நீங்களே அவர் கையில் கொடுத்துவிடுகிறீர்கள். உரிய தொகையை உரிய தேதியில், தடயம் இருக்கும் வழியில் செலுத்துங்கள். உரிமையாளர் வாங்க மறுத்தால், தமிழ்நாடு உட்படப் பல இடங்களில் வாடகை அதிகாரியிடமோ நீதிமன்றத்திலோ அதை வைப்பாகச் செலுத்த வழி உண்டு.

மறுத்த பிறகு, "வீடு எனக்கே வேண்டும், காலி செய்யுங்கள்" என்ற பேச்சு வரக்கூடும். ஒன்டாரியோவிலும் கலிபோர்னியாவிலும் பழைய குடித்தனம் போனபின் புதிதாக வருபவரிடம் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம் என்பதால், வரம்புக்குள் இருப்பவரை வெளியேற்றுவதில் உரிமையாளருக்கு ஆதாயம் இருக்கிறது. சொந்த உபயோகம் என்பது சட்டம் ஏற்கும் காரணம்தான். பொய்யாகச் சொல்லப்பட்டால் அதற்கு இழப்பீடு கோரவும் முடியும். வாய்வார்த்தைக்காகப் பெட்டியைக் கட்டத் தொடங்காதீர்கள். நீங்களாக ஒப்புக்கொண்டு போகாத வரையில் தீர்ப்பாயமோ நீதிமன்றமோ உத்தரவிட வேண்டும். பூட்டை மாற்றுவதும் தண்ணீரையோ மின்சாரத்தையோ துண்டிப்பதும் சட்டவிரோதம். அப்படி நடந்தால் உடனே படம் எடுத்து, அன்றே புகார் கொடுங்கள்.

ஏற்கெனவே கூடுதலாகக் கட்டியிருந்தால் காலக்கெடுவைப் பாருங்கள். ஒன்டாரியோவில் உயர்த்திய வாடகை முதன்முதலாக வசூலிக்கப்பட்ட நாளிலிருந்து ஓராண்டுக்குள், வீட்டு உரிமையாளர்–குடியிருப்பவர் தகராறுகளை விசாரிக்கும் வாரியத்தில் (Landlord and Tenant Board) விண்ணப்பிக்க வேண்டும். ஒப்பந்தம், அறிவிப்புகள், ரசீதுகள், நீங்கள் எழுதிய அந்த ஒரு தாள் கணக்கு ஆகியவற்றைத் தேதி வரிசையில் அடுக்கி எடுத்துச் சென்றால், இலவசச் சட்ட உதவி மையத்தில் இருப்பவர் உங்கள் வழக்கு நிற்குமா என்பதை விரைவில் சொல்லிவிடுவார்.