உதட்டுப் பிளவு உள்ள பிள்ளைக்குக் கூசும் பல்லைத் துலக்கிவிடுவது எப்படி?

உதட்டுப் பிளவும் அண்ணப் பிளவும் தைத்து ஆறிவிட்டது, ஆனாலும் பிரஷைக் கண்டாலே பிள்ளை வாயை இறுக மூடிக்கொள்கிறதா? அடம் என்று அதட்டாதீர்கள். பிளவை ஒட்டி முளைக்கும் பல் பெரும்பாலும் கோணலாகத்தான் வரும், சில பிள்ளைகளுக்குப் பல்லின் மேல் உறையான எனாமலும் சரியாக உருவாகியிருக்காது, அங்கே பச்சைத் தண்ணீர் பட்டாலே சுரீர் என்று கூசும். பாவம் என்று நாம் அந்தப் பல்லை விட்டுவிட்டால் சொத்தை முதலில் விழுவதும் அங்கேதான்.

சரி, முதலில் பிரஷ். தலை சின்னதாக, இழை மெத்தென்று இருக்கட்டும். ஃபுளோரைடு பேஸ்ட் 3 வயதுக்குள் அரிசியளவு, 6 வயது வரை பட்டாணியளவு போதும். அப்பத்தா சொன்னாலும் உப்பு, கரித்தூள், பல்பொடி வேண்டவே வேண்டாம், இருக்கிற எனாமலையும் அரித்துவிடும்.

அடுத்து, வெளிச்சம் விழும் வளவு (முற்றம்) பக்கம் உட்கார்ந்து பிள்ளையின் தலையை மடியில் சாய்த்துக்கொள்ளுங்கள். பிரஷை வெதுவெதுப்பான தண்ணீரில் நனையுங்கள். கூசாத கடைவாய்ப் பல்லில் ஆரம்பித்து, பிள்ளை பழகிய பிறகு முன்னால் வாருங்கள்.

இனிதான் முக்கியமான இடம். தையல் தழும்பு இறுகியிருப்பதால் மேலுதடு லேசில் தூக்காது. நடுவில் பிடித்து இழுக்காமல், ஆள்காட்டி விரலை வாயோரத்தில் நுழைத்து மெல்ல நகர்த்திக்கொண்டே போய் உதட்டைத் தூக்குங்கள், அப்போதுதான் உள்ளே ஒளிந்திருக்கும் பல் கண்ணுக்குத் தெரியும். பிரஷை நிமிர்த்திப் பிடித்து, பல்லும் ஈறும் சேரும் இடத்தில் சின்னச் சின்ன வட்டமாக, அழுத்தாமல் தேயுங்கள். ஈறு வீங்கி லேசாக ரத்தம் வந்தால் பயந்து நிறுத்திவிடாதீர்கள், அழுக்கு போகப் போக நிற்கும். நிற்காவிட்டால் பல் டாக்டரிடம் காட்டுங்கள். (புதிதாக ஆபரேஷன் ஆன பிள்ளை என்றால் டாக்டர் சொல்லும்வரை தையல் பக்கம் பிரஷ் போகக்கூடாது.)

அப்புறம் துப்பச் சொல்லுங்கள், கொப்பளிக்க வேண்டாம், பேஸ்ட் கொஞ்சம் பல்லில் தங்கட்டும்.

கவுனி அரிசி, அதிரசம், கந்தரப்பம் எல்லாம் கோணல் பல்லின் இடுக்கில் அப்பிக்கொள்ளும். விசேஷ வீட்டில் கொடுக்காமல் இருக்க முடியாது, சாப்பிட்டதும் தண்ணீர் குடிக்க வையுங்கள்.

கூச்சத்துக்கென்று பெரியவர்கள் வாங்கும் பேஸ்ட்டை நீங்களாகவே பிள்ளைக்குப் போடாதீர்கள். பல் டாக்டரிடம் போனால், தேவைப்பட்டால் ஃபுளோரைடு வார்னிஷ் என்ற பூச்சைப் பல்லில் பூசிவிடுவார்.

கோணல் பல்லைப் பிடுங்கிவிடலாம் என்று யார் சொன்னாலும், பிளவுக்கு ஆபரேஷன் செய்த டாக்டரைக் கேட்காமல் சம்மதிக்காதீர்கள். பெரும்பாலும் 8 முதல் 11 வயதுக்குள், கோரைப்பல் இறங்கும் முன், பிளந்த ஈறுப் பகுதியில் எலும்பு வைப்பார்கள், எந்தப் பல்லை எப்போது எடுப்பது என்பது அதைப் பொறுத்தது. வாயில் சொத்தையும் சீழும் இருந்தால் அந்த ஆபரேஷனும் தள்ளிப்போகும்.