486-இல் ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் சிஎஃப் கார்டு

பழைய 486 கணினியின் ஹார்டு டிஸ்க் கரகரக்கத் தொடங்கினால் தள்ளிப்போடாதீர்கள்; இயங்கும்போதே கோப்புகளை நகலெடுத்துவிடுங்கள். சிஎஃப் (காம்பேக்ட் ஃபிளாஷ்) மெமரி கார்டும் ஹார்டு டிஸ்க்கை இணைக்கும் ஐடிஇ முறையிலேயே இயங்கும் என்பதால் 40 பின் அடாப்டர் போதும். 512 எம்பி கார்டே நல்லது: அக்காலப் பயாஸ்கள் (கணினியைத் தொடக்கும் மென்பொருள்) பலவும் 504 எம்பிக்கு மேல் பார்க்காது; 512 எம்பி என்று விற்கப்படும் கார்டு அந்தக் கணக்கில் சுமார் 488 எம்பிதான்.

பவரை அணைத்து, கேபிளின் சிவப்புக் கோடு அடாப்டரின் 1-ஆம் பின் பக்கம் வரும்படி செருகுங்கள். அடாப்டரின் ஜம்பர் (அமைப்பை மாற்றும் சிறு செருகி) மாஸ்டரில், அதாவது முதல் டிஸ்க் என்ற நிலையில், இருக்கட்டும். சின்ன ஃபிளாப்பி பவர் கனெக்டரை மறந்தால் கார்டு தெரியவே தெரியாது.

பயாஸில் ஆட்டோ டிடெக்ட் செய்து, டாஸ் 6.22 ஃபிளாப்பியில் பூட் செய்யுங்கள். டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரிக்கும் எஃப்டிஸ்க் நிரலில் பிரைமரி பார்ட்டிஷன் உருவாக்கி ஆக்டிவ் ஆக்குங்கள். பிறகு ‘ஃபார்மேட் சி: /எஸ்’ கொடுங்கள்; கார்டு ஃபார்மேட் ஆகி, டாஸின் சிஸ்டம் கோப்புகளும் அதில் ஏறும்.

இதற்குப் பிறகும் கர்சர் மட்டும் மினுக்கினால் பதற வேண்டாம். கேமராவில் இருந்த கார்டில் பூட் கோடு (டாஸைத் தொடக்கும் சிறு நிரல்) இருக்காது, எஃப்டிஸ்க்கும் தானாக எழுதாது. ‘எஃப்டிஸ்க் /எம்பிஆர்’ கொடுத்தால் சரியாகிவிடும்.